ஓரினின் டேலியாவும் எட்டு அகழெலிகளும்

வெர்னா ஹாக்லண்ட் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட அவள் வண்டியில் சிராய்ப்பு ஏற்பட்டதில்லை. ஆனால் அவளிடம் வம்பு வைத்துக்கொண்ட பெரியவர்கள் எவரும் முழுசாகத் தப்பியதுமில்லை. பேருந்து நின்று, சிவப்பு விளக்கு மினுக்கி, பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பால் லாரிக்காரன் அவளை முந்திக்கொண்டு போனான். வண்டி எண்ணைக் குறித்துவைத்து, பதினோரு மாதம் விடாமல் துரத்தி, கோர்ட்டில் ஏற்றி அபராதம் கட்டவைத்தாள். அதோடு விட்டாளா? அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை போகும். உள்ளே வாழ்த்து ஒன்றும் இருக்காது, ‘நில்’ என்று எழுதிய சிவப்புப் பலகையின் படம் மட்டும் இருக்கும். அந்த மனுஷன் கடைசியில் ஊரையே மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

லோவெல் ஸ்டென்ஸ்ரூட் மட்டும் போகவில்லை. அதே சாலையில் நாலு வீடு தள்ளியே இருந்தான்.

லோவெல் செய்த குற்றம் இதுதான். 1998 செப்டம்பரில் டேலியா சங்கத்தின் பூக்காட்சி. வெர்னா சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கருஞ்சிவப்புப் பூவைக் கொண்டுபோய் வைத்திருந்தாள். முதல் பரிசு அதற்குத்தான் என்று ஸ்காஜிட் ஆற்றங்கரையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தலைமை நடுவர் லோவெல். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, பென்சில் நுனியால் இதழைக் கொஞ்சம் விலக்கினான். உள்ளேயிருந்து ஓர் இடுக்கிப்பூச்சி வெளியே வந்தது, வாலில் சின்னதாக இடுக்கி வைத்திருக்குமே, அந்தப் பழுப்புப் பூச்சி. டேலியா வளர்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய சனியன் கிடையாது. “உயிருள்ள பூச்சி. இந்தப் பூ விலக்கு” என்று நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டு லோவெல் அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

விரலால் தட்டிவிட்டிருக்கலாம். மற்ற நடுவர்கள் அப்படித்தான் செய்வார்கள், எல்லோரும் பார்த்ததுதான். அவன் செய்யவில்லை. அன்றிலிருந்து இருபத்துநாலு வருஷம் வெர்னா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நவம்பரில் சர்ச்சில் சாம்பல் காரநீரில் ஊறவைத்த காட் மீன் விருந்து நடக்கும்போது வரிசையில் வரும் எல்லோருக்கும் அவள்தான் மீன் பரிமாறுவாள். லோவெல் தட்டை நீட்டும் நேரம் பார்த்து உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்க அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். இருபத்துநாலு நவம்பரும் இப்படியே போயிற்று.

அவள் கணவன் ஓரின் இதற்கு நேர் எதிர். நாற்பது வருஷம் டியூலிப் கிழங்குக் கொட்டகையில் வேலை பார்த்தவன். கோபம் என்பதை எங்கே வைத்துவிட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பவன் மாதிரி மெதுவாகப் பேசுவான். வசந்தத்தில் அவர்கள் புல்வெளியில் அகழெலிகள் வளை தோண்டி மண்ணைக் குவியல் குவியலாக மேலே தள்ளும். காலையில் எழுந்து பார்த்தால் வரிசையாகப் பன்னிரண்டு குவியல் நிற்கும். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பொறி வைக்கப் போறேன் ஓரின். ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்.”

“எதுக்கும்மா? அது பாட்டுக்குப் புழு தின்னுட்டுப் போகுது. கிழங்கைத் தொடாது.”

“புல்லைப் பாரு. குண்டு போட்ட மாதிரி இருக்கு.”

“மண்ணைப் பாரு நீ. இவ்வளவு பொடியா சலிச்ச மண்ணு கடையில கிடைக்குமா?” என்று சொல்லிக்கொண்டே அவன் வாளியை எடுத்துவந்து குவியல்களை அள்ளித் தொட்டிகளில் நிரப்புவான்.

அவன் இருந்தவரை அவள் ஓர் அகழெலியைக்கூடத் தொடவில்லை. ஓரின் சொல்லி அவள் கேட்ட விஷயம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

டேலியாவெல்லாம் வெர்னாவின் ராஜ்ஜியம். ஓரின் ஒரே ஒருதடவைதான் அதில் கைவைத்தான். உதிர்ந்த விதைகள் கொஞ்சத்தை முட்டை அட்டையில் மண் போட்டு ஊன்றினான். ஒன்பது முளைத்தன. எட்டு குப்பை. ஒன்பதாவது பூத்த அன்று வெர்னா கையில் காபிக் கோப்பையோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்போதுதான் அறுத்த சால்மன் மீனின் சதைபோல ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு, ஓரத்தில் மட்டும் வெளுப்பு. முப்பது வருஷம் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் அவளுக்கு அப்படி ஒரு பூ வந்ததில்லை. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

“உன் பேரையே வச்சுடுவோம்” என்றாள்.

“பூவுக்கு ஓரின்னு பேரா? எவன் வாங்குவான்?”

புதுப் பூவுக்குப் பெயர் வைக்கச் சங்கத்தில் ஒரு முறை உண்டு. விதையிலிருந்து வந்த மூன்றாவது வருஷம், செப்டம்பர் காட்சியில், ஒரே மாதிரி மூன்று பூக்களை ஒரே சாடியில் வைக்க வேண்டும். நடுவர்கள் பார்த்துத் தகுதி என்றால் பெயர் பதிவாகும். இல்லையென்றால் அது எண்ணோடு கிடந்து எண்ணோடு சாகும். இன்னொரு வழக்கமும் உண்டு. புது நாற்றின் கிழங்குகளைப் பிரிக்கும்போது ஒன்றை வேறொருவர் மண்ணில் நட்டுவைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு தோட்டத்தில் அழுகினாலும் இன்னொன்றில் பிழைக்கட்டும் என்றுதான். இரண்டாவது வருஷ நவம்பரில் ஓரின் அதைச் சொன்னபோது, முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து சோபாவில் காலை நீட்டிக் கிடந்த வெர்னா எகிறினாள்.

“யாருக்குக் கொடுப்பே? இந்த ஊர்ல எவன் யோக்கியன்? ஒண்ணைக் கொடுத்தா மறுவருஷம் அவன் பேரு வச்சு விப்பான். என் பிணத்தைத் தாண்டித்தான் இந்த வீட்டை விட்டுக் கிழங்கு போகணும்.”

“சரிம்மா” என்றான் ஓரின். தனியாகக் கொட்டகையில் உட்கார்ந்து அவனே பிரித்தான். நாலு கிழங்கு தேறியது என்று வந்து சொன்னான்.

பிப்ரவரியில், அதே கொட்டகையில், கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் இதயம் நின்றுபோனது. அவள் உள்ளே வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு ஆப்பிள் பை சுட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருஷ வாழ்க்கை. அதற்குப் பிறகு அவளிடம் மிச்சமிருந்தது நாலு கிழங்கும் ஒரு செப்டம்பரும். அந்தப் பூவுக்கு ஓரின் என்று பெயர் வைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் நாலையும் தெற்குச் சுவரோரம் நட்டாள். மே கடைசித் திங்கட்கிழமை, ஊரே கல்லறைகளுக்குப் பூ கொண்டுபோகும் நாளில், அவளும் லைலாக் கொத்தை ஓரினின் கல்லருகே வைத்துவிட்டு வீடு திரும்பினாள். புல்வெளியில் ஏழு மண்குவியல். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, நேராகத் தெற்குச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

“பொறுத்துக்கறேன். அவனுக்காக” என்று வாய்விட்டுச் சொன்னாள். ஜூலை மூன்றாவது வாரம்வரை பொறுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முதல் செடி வாடியது. தண்ணீர் விட்டும் தலை நிமிரவில்லை. தண்டைப் பிடித்ததும் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு இருந்த இடத்தில் வெறும் தோல், உள்ளே சுரண்டி எடுத்திருந்தது. பக்கத்திலேயே, அவள் கை நுழையும் அகலத்துக்கு, வழவழவென்று அகழெலி வளை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்ததாகத்தான் அவள் நினைத்தாள். செத்த செடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று, இல்லாத ஓரினைப் பார்த்து, “உன் சிநேகிதங்க பண்ணின வேலையைப் பாரு” என்றாள்.

ஃபேயின் காபிக்கடையில் மறுநாள் காலை அவளுக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வளைக்குள் சூயிங்கத்தைப் போடு, தின்று வயிறு கட்டிச் சாகும் என்றார் ஒருவர். நாய் முடியைத் திணிக்கச் சொன்னாள் ஃபே. காற்றாடி நட்டால் அதிர்வில் ஓடிவிடும் என்றார் மூன்றாமவர். அவர் வீட்டில் காற்றாடி நாற்பது சுற்றுகிறது, மண்குவியல் அறுபது இருக்கிறது.

வெர்னா எல்லாவற்றையும் செய்தாள். விளக்கெண்ணெயைத் தண்ணீரில் அடித்துப் புல்வெளி பூராவும் ஊற்றினாள். ஒரு வாரம் வாசலில் கால் வைத்தவர்கள் எல்லாம் வழுக்கினார்கள். கடைசியில் பழைய காரின் புகைக்குழாயில் தோட்டத்து ரப்பர் குழாயைச் சொருகி, மறுமுனையை வளைக்குள் விட்டு, வண்டியைக் கிளப்பினாள். புகை வளைக்குள் போனது உண்மைதான். அந்த வளை அவள் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் போய் முடிந்ததுதான் வினை. கால் மணி நேரத்தில் சமையலறைத் தரையிலிருந்து புகை கிளம்பி, எச்சரிக்கை மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. வந்தவர்களில் மூன்று பேர் அவள் பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள். சிரிக்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் இரண்டாவது செடியும் வாடியது. அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு தீவனக்கடைக்குப் போனாள். கடைக்காரன் டேரலும் அவள் பேருந்துப் பிள்ளைதான். இப்போது தலை வழுக்கை.

“அகழெலிப் பொறி வேணும். கத்தரி மாதிரி ரெண்டு பக்கமும் கவ்வுமே, அது.”

“இருக்கு, மிஸ்ஸஸ் ஹாக்லண்ட். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நான் விக்கிறது தப்பில்ல. நீங்க வாங்கறதும் தப்பில்ல. மண்ணுல வச்சாத்தான் தப்பு. இருபது வருஷத்துக்கு முன்னாடியே மாநிலம் பூரா ஓட்டுப் போட்டுச் சட்டமாக்கிட்டாங்க.”

“யாரு ஓட்டுப் போட்டது?”

“முக்கால்வாசி சியாட்டில்காரங்க.”

“அவங்களுக்குப் புல்லே கிடையாதே, மாடிலதானே குடியிருக்காங்க.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க இதை வாங்கிச் சுவத்துல மாட்டி அழகு பார்ப்பீங்கன்னு நினைச்சுக்கறேன்.”

“அப்படியே நினைச்சுக்கோடா டேரல். ரெண்டா கொடு.”

பொறி வைப்பது கார் ஓட்டுவதைவிடச் சுலபம். வளையின் மேல்புறத்தைக் குதிகாலால் மிதித்து அமுக்க வேண்டும். மறுநாள் எது மறுபடி மேலே எழும்பியிருக்கிறதோ அதுதான் நடமாட்டமுள்ள வளை. அதில் பொறியை இறக்க வேண்டும். இரண்டாம் நாளே முதல் அகழெலி மாட்டியது. கையில் எடுத்துப் பார்த்தாள். வெல்வெட் துணி மாதிரி கறுப்பு ரோமம், கண் இருக்கும் இடமே தெரியவில்லை, முன்னால் இரண்டு இளஞ்சிவப்புக் கைகள். கைகள்தான், கால்கள் இல்லை. உள்ளங்கை, விரல், நகம் எல்லாம் இருந்தன. ஒரு கணம் அவளுக்கு என்னவோ போல இருந்தது. அப்புறம் தோல் மட்டும் மிஞ்சிய கிழங்கை நினைத்துக்கொண்டாள். சாலையைப் பார்த்த கம்பி வேலியில், துணி காயப்போடும் கிளிப்பால் அதன் வாலைக் கவ்வித் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

உண்மையைச் சொல்வதென்றால் அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவள் ஒரு தட்டுச் சோளமும் இறைச்சியும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது அன்றுதான். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்திருந்தது. இரண்டு, மூன்று, ஐந்து என்று வேலியில் கூடிக்கொண்டே போயின. சாலையில் போகும் வண்டிகள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. ஃபே தொலைபேசியில் கூப்பிட்டு, “ஏன்டி, பிள்ளைங்க பார்க்குதுங்க, எடுத்துடேன்” என்றாள். “பார்க்கட்டும். திருடினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டாள் வெர்னா.

ஏழாவது தொங்கிய நாளில் லோவெலின் வண்டி வேலியோரம் வந்து நின்றது. எழுபத்தாறு வயதுக்காரன் மெதுவாக இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அகழெலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவள் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வருஷ மௌனம் அங்கேதான் உடைந்தது.

“என்ன பார்க்கறே? உனக்கும் ஒரு கிளிப் வச்சிருக்கேன்” என்றாள்.

“தப்பான ஆளைத் தொங்கவிட்டிருக்கே வெர்னா.”

“உன்னைக் கேட்டேனா?”

“இதோட பல்லைப் பாரு. ஊசி மாதிரி இருக்கு. கிழங்கு கொறிக்கிற பல்லு இல்ல இது. வயித்தைக் கிழிச்சுப் பாரு, மண்புழுவைத் தவிர ஒண்ணும் இருக்காது. இவன் வழி வெட்டறவன், அவ்வளவுதான். அந்த வழியில நடந்து வந்து தின்னுட்டுப் போறவன் வயலெலி. சின்ன வால், பழுப்பு நிறம். நீ அகழெலியைக் காலி பண்ணப் பண்ண அவனுக்கு வெட்டின வீடெல்லாம் சும்மா கிடைக்குது.”

ஓரின் சொன்ன அதே பேச்சு. வேறு எவன் வாயிலிருந்து வந்திருந்தாலும் அவள் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். லோவெல் வாயிலிருந்து வந்ததால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது.

“ஒரு பூச்சிக்காக என் பூவைத் தூக்கி எறிஞ்சவன், இன்னிக்கு எலிக்குப் பரிஞ்சு பேச வந்துட்டான்.”

“விதி விதிதானே வெர்னா. அன்னிக்கு வேற யார் பூவா இருந்தாலும்...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனான். ஒரு சுருள் கம்பி வலையைத் தூக்கிவந்து வாசல் கேட்டில் சாய்த்தான். “மிச்சமிருக்கிற செடியைச் சுத்தி முழங்கை ஆழத்துக்கு இதை இறக்கு. என் தோட்டம் பூரா இதுதான் போட்டிருக்கேன். அப்புறம், ஓரின் என்கிட்ட...”

“அவன் பேரை உன் வாயால எடுக்காதே.”

லோவெல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் வண்டி மறைந்ததும் வெர்னா அந்தச் சுருளை இரண்டு கையாலும் தூக்கி, சாலையோரக் கால்வாய்க்குள் வீசினாள். தண்ணீர் தெறித்து முகத்தில் அடித்தது. அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தே நாள். செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது செடி தலை கவிழ்ந்திருந்தது. இந்தத்தடவை இழுக்கவில்லை. முட்கரண்டி மண்வெட்டியைத் தள்ளி ஊன்றி, ஒரு கட்டி மண்ணாக அப்படியே புரட்டினாள். அகழெலி வளை இரண்டாகப் பிளந்தது. உள்ளே காய்ந்த புல்லைக் கிழித்துப் பந்தாகச் செய்த ஒரு கூடு. அதிலிருந்து பழுப்பு நிறத்தில், சின்ன வாலோடு, ஐந்து எலிகள் நாலு திசையிலும் தெறித்து ஓடின. ஆறாவது ஓடவில்லை. தின்று தின்று வயிறு பெருத்து ஓடமுடியாமல் உட்கார்ந்திருந்தது. வாயில் வெள்ளையாக ஒரு கிழங்குத் துண்டு. மென்றுகொண்டே அவளைப் பார்த்தது.

வெர்னா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வேலியில் ஏழு பேர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரும் ஒரு கிழங்கைக்கூடத் தொடாதவர்கள். ஓரின் இருபது வருஷம் சொன்னான், அவன் போனதும் காற்றில் விட்டாள். லோவெல் பல்லைக் காட்டிச் சொன்னான், கேட்கவில்லை. ஓரின் செத்துப்போன கோபத்தைக் காட்ட அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கண் தெரியாத, எதிர்த்துப் பேசாத ஒரு ஜீவன் கையில் சிக்கியது, அவ்வளவுதான். தலையில் அடித்துக்கொண்டாள், நிஜமாகவே, மண் ஒட்டிய கையால்.

அப்போதுதான் ஆப்பிள் மரத்தடியில் முதல்நாள் வைத்த பொறி நினைவுக்கு வந்தது. எழுந்து, சரியில்லாத முட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். மண்ணை விலக்கிப் பார்த்தால் பொறி ஏற்கனவே மூடியிருந்தது. எட்டாவது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. இரண்டு கைகளும் எதையோ தள்ளுவதுபோல விரிந்திருந்தன.

அதை அவள் வேலியில் மாட்டவில்லை. ஏழையும் கழற்றி, எட்டையும் ஆப்பிள் மரத்தடியில் ஒரே குழியில் புதைத்தாள். ஜெபமெல்லாம் சொல்லவில்லை. “மன்னிச்சுக்கோங்க” என்று மட்டும் சொன்னாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வார்த்தை. பிறகு பேருந்து ஓட்டிய காலத்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இடுப்பளவுக் கால்வாயில் இறங்கி, சேற்றில் புதைந்திருந்த கம்பிச் சுருளைத் தேடி எடுத்தாள். மிச்சமிருந்த ஒரே செடியைச் சுற்றி முழங்கை ஆழத்துக்கு இறக்கினாள். தோண்டும்போதே தெரிந்தது, கிழங்கில் முக்கால் பங்கு போயிருந்தது. சல்லிவேரில் தொற்றிக்கொண்டு செடி எப்படியோ உயிரோடு நின்றது. செப்டம்பர் முதல் வாரம் ஒரு பூ பூத்தது. ஒன்றே ஒன்று. சங்கத்துக்கு மூன்று வேண்டும்.

இருந்தாலும் போனாள். அந்த ஒற்றைப் பூவைப் பீர் பாட்டிலில் வைத்து, பக்கத்து இருக்கையில் நிறுத்தி, இடுப்புப் பட்டை போட்டுவிட்டு, இருபது மைல் வேகத்தில் வண்டி ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். போட்டிக்கு இல்லை, பார்வைக்கு மட்டும் என்று எழுதி ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். நாலு பேராவது பார்ப்பார்கள். அதற்குமேல் அவளிடம் திட்டம் ஒன்றும் இல்லை.

கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்து, புது நாற்று மேசையைத் தாண்டும்போது கால் நின்றது. கறுப்புச் சாடியில் மூன்று பூக்கள். சால்மன் சதை நிறம், ஓரத்தில் வெளுப்பு. ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்த மாதிரி. பக்கத்தில் அட்டை. ‘உருவாக்கியவர்: ஓரின் ஹாக்லண்ட். வளர்த்தவர்: லோவெல் ஸ்டென்ஸ்ரூட். கோரும் பெயர்: ஓரின்.’

லோவெல் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தான். நல்ல நாளைக்குப் போடும் சாம்பல்நிறக் கோட்டு.

“திருடினியா?” என்றாள்.

அவன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பட்டையை எடுத்து நீட்டினான். பழைய ஜன்னல் திரைத் தகட்டை வெட்டிச் செய்த பெயர்ப்பட்டை. ஓரின் அப்படித்தான் செய்வான். ஊதாப் பென்சிலில் அவன் கையெழுத்து, ‘ஓரின் ஹாக்லண்ட், நாற்று 9, ஐந்தாவது கிழங்கு.’

“நவம்பர்ல கொண்டுவந்து கொடுத்தான். பத்திரமா வச்சு நடு, அவகிட்ட சொல்லாதே, சாப்பிடாமக் கிடப்பான்னு சொன்னான். வேலியோரம் வந்து சொல்லப் பார்த்தேன். நீ விடல.”

“என்னை நம்பாம உன்னை நம்பினானா? உன்னையா?” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்த கோபத்தில் ஓரினைத்தான் முதலில் அறைந்திருப்பாள். “என் தோட்டத்துல என்ன கெட்டுப்போச்சாம்?”

“கிழங்குக்கு அங்க ஒரு ஆபத்து இருக்குன்னான்.”

“வயலெலியா?”

லோவெல் தொண்டையைச் செருமினான். “இல்ல. நீ. அகழெலி மேல இருக்கிற கோவத்துல அவ ஒருநாள் தோட்டத்தையே கொளுத்திடுவான்னு சொன்னான்.”

சமையலறைத் தரையிலிருந்து கிளம்பிய புகை அவளுக்கு நினைவு வந்தது.

மணி அடித்தது. இனி போட்டியாளர்கள் யாரும் தங்கள் பூவைத் தொடக்கூடாது. நடுவர்கள் மூன்று பேர் அடுத்த மேசையில் குனிந்திருந்தார்கள். வெர்னா மூன்று பூக்களையும் மறுபடி பார்த்தாள். நடுப்பூவின் இதழ் ஒன்று அசைந்தது. உள்ளேயிருந்து இரண்டு மீசை நீண்டது, பிறகு தலை, பிறகு உடம்பு. கடைசியில் இடுக்கி.

லோவெலும் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

இருபத்துநாலு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அதே கூடம், அதே பூச்சி, லோவெல் ஸ்டென்ஸ்ரூட் வளர்த்த பூ. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்பது பேர் முன்னால் அவன் மூக்கு உடையும். கூடவே ஓரினின் பெயரும் குப்பைக்குப் போகும். அந்த இரண்டையும் சேர்த்து ஒரே சாடியில் வைத்த கடவுளை அவளுக்குக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே லோவெல் கையை மேலே தூக்கினான். நடுவர்களைக் கூப்பிடப் போகிறான்.

“என்ன பண்றே?”

“நானே சொல்லிடறேன் வெர்னா. உயிருள்ள பூச்சி. விதி...”

அடப்பாவி, இவன் நிஜமாகவே இப்படித்தானா. அவள் மேல் காழ்ப்பு ஒன்றும் இல்லை, தன் பூவாக இருந்தாலும் தூக்கிப் போடுகிறவன். இத்தனை வருஷம் ஒரு மரக்கட்டை மேலா கறுவிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

“யோவ், கையை இறக்கு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “நீதான் தொடக்கூடாது. நான் இந்தப் பூவுக்குப் போட்டியாளர் இல்ல.”

இரண்டு விரலை இதழுக்குள் விட்டுப் பூச்சியை எடுத்தாள். நசுக்கிவிடலாம், ஒரு அமுக்கு போதும். ஆனால் எட்டைக் கொன்ற விரல்கள், இன்னொன்றுக்கு வரவில்லை. நடுவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கேயாவது போட்டாக வேண்டும். லோவெலின் கோட்டு மேல்பை வாய் திறந்து இருந்தது. அதற்குள் போட்டு, பையை இரண்டு தட்டு தட்டினாள்.

“இது உன்னோடது. இருபத்துநாலு வருஷமா உனக்குன்னு வச்சிருந்தேன்.”

நடுவர்கள் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள், பென்சில் நுனியால் இதழ்களை விலக்கினார்கள், காம்பை அளந்தார்கள், தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். அந்த நேரம் பூராவும் லோவெல் விறைப்பாக நின்றான். வலது காது சிவந்துகொண்டே வந்தது. பைக்குள் ஏதோ நகர்வது வெளியே தெரிந்தது. அவன் கை மேலே வரவில்லை. பிறகு இந்த வருஷத்துத் தலைமை நடுவர் நிமிர்ந்து, அட்டையை எடுத்து, “தகுதி. பெயர், ஓரின்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

வெர்னா முகத்தைத் துடைக்கவில்லை. அழுதாள், எல்லோரும் பார்க்கத்தான் அழுதாள்.

லோவெல் அவள் பக்கம் தலையைச் சாய்த்து, உதடு அசையாமல் சொன்னான். “வெர்னா, சட்டைக்குள்ள போயிடுச்சு. கடிக்குது.”

“கடிக்கட்டும்” என்றாள்.